அப்பாவுக்குச் சாராயம், தம்பிக்கு ஐஸ்: இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் சரிவருமா?

அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து 29 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 58, வயல் செய்பவர். இருபது வருடத்துக்கு மேலாகக் குடிக்கிறார். இப்போது நாளுக்கு அரைப் போத்தல் சாராயம், காசில்லாத நாளில் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம். காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும். ஒரு வாய் ஊற்றினால் நடுக்கம் நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு முன் மண்வெட்டி காலில் பட்டு வார்ட்டில் இருந்தபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு சுவரில் பாம்பு ஊருது என்று கத்தி, சேலைனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடப் பார்த்தார். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று வீட்டில் முடிவாகி, வந்ததும் நூல் கட்டினார்கள்.

தம்பிக்கு 23, ஓட்டோ ஓடுகிறார். இரண்டு மூன்று இரவு கண் மூடமாட்டார். பிறகு ஒன்றரை நாள் எழும்பாமல் கிடப்பார். உடம்பு வற்றிவிட்டது. பல்லை நெறுமுகிறார். கூரையில் யாரோ இருந்து பார்க்கிறார்கள் என்று நடுச்சாமத்தில் டோர்ச் அடிக்கிறார். கட்டிலுக்கு அடியில் கருகிய கண்ணாடிக் குழாய், லைட்டர், கற்கண்டுத் துண்டு போன்ற துகள் உள்ள சின்னப் பக்கெட், பாதி முடிந்த கப்சூல் அட்டைகள் இருந்தன. பக்கெட்டைச் சகோதரி எடுத்துத் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.

"ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரைக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம். உகந்தையைத் தாண்டினால் காட்டுக்குள் ஒன்றும் கிடைக்காது. அத்தோடு விட்டுவிடுவார்கள்தானே?" என்று கேட்கிறார். அது சரிவராவிட்டால், 21 நாளில் மறக்க வைப்போம் என்று சொல்லும் ஒரு தனியார் இடத்துக்குத் தம்பியை அனுப்புவதும், தெரிந்த ஒருவர் கொடுத்த குளுசையை அப்பாவின் கறிக்குள் கலந்து கொடுப்பதும் அடுத்த யோசனைகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் தம்பியைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது, அப்பாவைப் பற்றி அரைப் பக்கம். ஐஸ் (மெதம்பெற்றமைன் என்ற போதைப்பொருள்) என்ற பெயர் தரும் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் உங்கள் வீட்டில் இருவரில் யாராவது திடீரென்று நிறுத்தினால் உயிர் போகக்கூடியவர் அப்பாதான். தவறணையில் சட்டப்படி வாங்கும் சாராயத்துக்கு அந்தக் குணம் உண்டு. ஐஸுக்கு அது இல்லை. ஐஸின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இதனால்தான் எந்த இடத்துக்குக் கூட்டிப்போவது என்று யோசிக்கும் முன், யார் எதை, எவ்வளவு, எத்தனை காலமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறோம். பொருள் மாறினால் ஆபத்து வரும் நாள் மாறும், மருந்து மாறும், படுக்க வைக்க வேண்டிய இடமும் மாறும்.

அப்பாவுக்கு வார்ட்டில் நடந்தது என்ன

அது செய்வினை அல்ல. உங்கள் குடும்பத்தின் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லவில்லை. அன்று நடந்ததற்கு வைத்தியத்தில் பெயரும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

மதுபானம் மூளையை அமுக்குகிறது. வருடக்கணக்கில் அமுக்கினால், மூளை அதற்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். பாரம் இழுத்துப் பழகிய மாட்டின் நுகக்கயிறு அறுந்தால் மாடு முன்னுக்குப் பாய்வது போல, குடி திடீரென்று நின்றால் அந்தக் கூட்டி வைத்த வேகம் கட்டில்லாமல் பாயும். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். 48 முதல் 96 மணித்தியாலம் வரையான காலத்தில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பாம்பும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலடிக்கும், இதயம் படபடக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நிலையில் ஆட்கள் இறக்கிறார்கள். இரண்டாம் நாள் வலிப்பு, மூன்றாம் நாள் இரவு பாம்பு என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. காலில் காயத்தோடு வந்தவர் தினமும் குடிப்பவர் என்பதை யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். சொல்லியிருந்தால் முதல் நாளே மருந்து தொடங்கியிருக்கலாம். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை வர வாய்ப்பு இன்னும் கூட.

இப்போது பாதயாத்திரையை எண்ணிப் பாருங்கள். உகந்தையில் கடைசியாக ஒரு வாய் குடித்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால், அந்த இரண்டாம், மூன்றாம் நாள் குமணைக்கும் யாலவுக்கும் இடையில் வரும். வெயில், நடை, தண்ணீர்க் குறைவு. அங்கே வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸ் வந்து சேரப் பாதை இல்லை. நேர்த்தியை விடச் சொல்லவில்லை. மருந்தோடு குடியை நிறுத்தி, உடம்பு தேறிய பிறகு அதே பாதையில் அப்பா நடக்கட்டும். விட்ட குடியைத் தொடாமல் இருக்க அந்த நடை அவருக்குப் பெரிய துணையாக இருக்கும்.

குடியை நிறுத்தும் முறை

அரைப் போத்தல் என்றால் 375 மில்லிலீற்றர். அதில் சுமார் 100 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. இந்த அளவை, முன்பு வலிப்பும் வந்த ஒருவருக்கு, வீட்டில் வைத்து நிறுத்தக்கூடாது. வார்ட்டில் அனுமதித்து, டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் போன்ற மருந்தை முதலில் போதிய அளவில் கொடுத்து, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் என்ற விற்றமின் பி1 ஊசி. இதை நீங்களும் நினைவில் வைத்திருங்கள்: நீண்டகாலம் குடித்து, சரியாகச் சாப்பிடாதவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச பி1 உம் தீர்ந்து மூளை பாதிக்கலாம். கண் ஆடும், நடை தள்ளாடும், புத்தி மயங்கும்; பிந்தினால் ஞாபகசக்தி திரும்பாமலே போகும். "களைப்பாக இருக்கு, ஒரு சேலைன் ஏத்துங்கோ" என்று சின்ன டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. அங்கே குடி விபரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அனுமதிக்கும் நாள் வரை போத்தலை ஒளிக்க வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். இது அவருக்கு அனுமதி கொடுப்பதல்ல, வலிப்பைத் தள்ளி வைப்பது. கசிப்பை மட்டும் எப்படியாவது தவிர்க்கப் பாருங்கள்: அதன் வீரியம் போத்தலுக்குப் போத்தல் மாறும், என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. கசிப்புக் குடித்த பிறகு கண் மங்கினால் உடனே வைத்தியசாலை. அதேபோல வலிப்பு, புத்தித் தடுமாற்றம், நிற்காத வாந்தி, காய்ச்சலோடு நடுக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 1990.

"வெட்டு முடியட்டும், பிறகு வாறன்" என்று அப்பா சொல்லக்கூடும். பெரும்போக வெட்டு முடிந்து கையில் காசு வரும் காலம்தான் குடி கூடும் காலமும். ஆகவே வெட்டுக்கு முன்பே ஒரு கிழமை ஒதுக்கச் சொல்லுங்கள்.

கறிக்குள் கலக்கும் குளுசை

நீங்கள் பெயர் எழுதவில்லை, ஆனால் இப்படிக் கைமாறுவது பெரும்பாலும் டைசல்பிராம். அதைக் குடித்திருக்கும் ஒருவர் மதுபானம் தொட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். இருதய நோயோ ஈரல் பாதிப்போ உள்ளவர் இதில் இறக்கலாம். அப்பாவின் ஈரல் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடைசிக் குடிக்குக் குறைந்தது 12 மணித்தியாலம், நல்லது 24 மணித்தியாலம் கழித்தே இந்த மருந்தைத் தொடங்கலாம். நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை அதன் வேலை உடம்பில் நிற்கும். நோயாளிக்குத் தெரிந்து, சம்மதித்து, இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தினமும் குடிக்கிற அப்பாவுக்கு ஒளித்துக் கொடுத்தால் நீங்கள் கொடுப்பது விஷத்துக்கு ஒப்பானது. அந்தக் குளுசையை இன்றைக்கே எறிந்துவிடுங்கள். பிறகு தெரியவந்தால், உங்கள் கையால் ஒரு பிடி சோறு வாங்கிச் சாப்பிடவும் அப்பா யோசிப்பார். சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டிய கையும் உங்களுடையதுதான்.

தம்பி எடுப்பது ஐஸ் மட்டும்தானா?

தூக்கமில்லாத இரவுகள், பசி இல்லாமை, பல் நெறுமுதல், சந்தேகம், பிறகு அடித்துப் போட்டாற்போல் தூக்கம், கண்ணாடிக் குழாய்: இவை ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமைனின் அடையாளங்கள். தூள், அதாவது ஹெரோயின் என்றால் படம் தலைகீழ். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், இருந்தபடியே தலை தொங்கி அரைத்தூக்கம் போடும், பொருள் கிடைக்காத நாளில் மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, கை கால் உளைவு வரும். ஐஸ் எடுத்தவரின் கண்மணி விரிந்திருக்கும். வீட்டில் இருந்தபடியே நீங்கள் பார்க்கக்கூடியது இது.

ஆனால் என் கவலை அந்தக் கப்சூல் அட்டைகள். அட்டையின் பின்புறம் பிரிகபலின் என்று இருக்கிறதா, 75, 150, 300 மில்லிகிராம் என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் இந்த மருந்து இப்போது போதைக்காகவும் விற்கப்படுகிறது. ஐஸின் ஏற்றம் இறங்கும்போது வரும் பதற்றத்தை அடக்க இதை விழுங்குகிறவர்கள் உண்டு. நாளுக்கு நிறையக் கப்சூல் எடுத்துப் பழகியவர் ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம். கிழமைக்கணக்கில் குறைத்துத்தான் விட வேண்டும். சாராயத்தோடோ தூளோடோ சேர்த்தால் மூச்சு மெதுவாகி நின்றுவிடலாம். அட்டையில் டிரமடோல் என்று இருந்தால் அது வலிமாத்திரை, தூளின் குடும்பத்தைச் சேர்ந்தது; அதிகமானால் அதுவும் வலிப்பைக் கொண்டுவரும். ஆகவே "ஐஸ்தான், அடைத்து வைத்தால் போதும்" என்ற முடிவுக்கு வரும் முன் அட்டையைப் படியுங்கள்.

ஐஸ் மட்டும் என்றால், விட்டவுடன் உடம்புக்கு வரும் ஆபத்து குறைவு. மனதுக்கு வருவது பெரிது. முதல் சில நாள் தூக்கமும் பெரும்பசியும்; அதைத் தொடர்ந்து, ஒன்றிரண்டு கிழமைக்கு எதிலும் பிடிப்பில்லாத கடுஞ்சோர்வு. தற்கொலை எண்ணம் வருகிற காலம் இது. உங்களுடையது வயல் செய்கிற வீடு. கிருமிநாசினியும் களைநாசினியும் மாலிலோ குசினிக்குப் பின்னாலோ இருக்கும். இன்றே எடுத்துப் பூட்டுங்கள், அல்லது வேறு வீட்டில் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். "செத்தால் பறவாயில்லை" என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அதைப் பயமுறுத்தல் என்று தள்ளாமல் அன்றே கூட்டி வாருங்கள்.

கூரையில் ஆள் இருக்கிறது என்று சொல்லும்போது வாதாட வேண்டாம், ஓம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எனக்கு ஒருவரும் தெரியவில்லை, உனக்குப் பயமாக இருக்கு என்று விளங்குது" என்ற அளவில் நில்லுங்கள். கத்தி, கோடரி அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பெரும்பாலானோருக்கு ஐஸ் நின்று சில நாளில் இந்தச் சந்தேகம் குறையும். சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஒரு கிழமைக்கு மேல் நீடித்தால் கட்டாயம் மனநல வைத்தியர் பார்க்க வேண்டும், மருந்து தேவைப்படும்.

ஐஸை மறக்க வைக்கும் ஊசி உலகில் எங்கும் கிடையாது. ஏக்கத்தைத் தூண்டும் ஆள், இடம், நேரம் எவை என்று கண்டு அவற்றைக் கையாளப் பழக்கும் உளவளத்துணை, ஒழுங்கான தூக்கம், மாதக்கணக்கில் தொடர் கிளினிக் ஆகியவைதான் சிகிச்சை. தம்பிக்கு இரவு ஓட்டத்தில்தான் பொருள் கைக்கு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரவு ஓட்டத்தை நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் பகல் ஓட்டம் போன்ற ஒன்று கிடைக்குமா என்று பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். ஆனால் போதை விட்டு, கிளினிக்கில் சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகளை ஏற்றலாம்.

21 நாள் என்ற கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூள் எடுப்பவர் என்றால், விட்ட 8 முதல் 12 மணித்தியாலத்தில் உளைவு தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும். பார்க்கக் கொடுமையாக இருந்தாலும், நீரிழப்பைக் கவனித்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து அரிது. 21 நாள் கழித்து வெளியே வரும்போதுதான் ஆபத்து: உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும், பழைய அளவை ஒருமுறை எடுத்தாலும் மூச்சு நிற்கலாம். உதடு நீலமாகி, குறட்டை போன்ற மெதுவான மூச்சோடு கிடந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். நலொக்சோன் என்ற மாற்று மருந்தை வைத்தியசாலையில் கொடுப்பார்கள். எந்த நிலையமும் உள்ளே வைத்திருக்கும் நாளைப் பற்றிப் பேசும். வெளியே வந்த பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டி

பாமசியில் வாங்கும் பட்டியைத் தம்பிக்குத் தெரியாமல் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஸ், தூள் இரண்டும் ஏறத்தாழ 2 முதல் 4 நாள் வரை காட்டும். தினமும் கஞ்சா எடுப்பவருக்கு ஒரு மாதம் வரையும் காட்டலாம். பிரிகபலினும் டிரமடோலும் சாதாரணப் பட்டியில் தெரியாது. தடிமலுக்கு எடுக்கும் சில குளுசைகள் ஐஸ் என்று பொய்யாகக் காட்டும், கோடீன் உள்ள இருமல் பாணி தூள் என்று காட்டும். "இல்லை" என்று வந்தால் நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள், "இருக்கு" என்று வந்தால் வீட்டில் சண்டை. இரண்டாலும் சிகிச்சை ஒரு அடி நகராது. பரிசோதனையை கிளினிக்கில், அவருக்குத் தெரிந்து செய்யட்டும்.

பொலிஸ், சட்டம், அலுமாரியில் உள்ள பக்கெட்

அந்தப் பக்கெட் உங்கள் அலுமாரியில் இருக்கக்கூடாது. ஆதாரம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சட்டத்தின் முன் அதை வைத்திருப்பவர் நீங்கள். இரண்டு கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்பது நீண்டகாலமாக உள்ள சட்டம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஐஸையும் 5 கிராம் என்ற எல்லையோடு அந்த வரிசையில் சேர்த்தது. அதைவிடச் சிறிய அளவும் குற்றமே. வைத்தியருக்குக் காட்டவென்று கைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டு வரவேண்டாம். எங்களுக்கு அது தேவையும் இல்லை. வெறும் கப்சூல் அட்டையும் நீங்கள் பார்த்ததைச் சொல்லும் வாயும் போதும். பக்கெட்டை என்ன செய்வது என்பதை ஒரு சட்டத்தரணியிடம் இன்றே கேளுங்கள்.

சிகிச்சைக்கு வருவது குற்றமல்ல. வைத்தியரிடம் சொல்வது பொதுவாக இரகசியமாகவே இருக்கும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் தாமாக வந்து சிகிச்சை பெறுவதற்கும், நீதிமன்றக் கட்டளையோடு சிகிச்சைக்கு அனுப்புவதற்கும் வழி வைத்திருக்கிறது. சிகிச்சை நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் சொல்லும் தனியார் இடத்துக்குப் பத்திரம் இருக்கிறதா என்று தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் கேட்கலாம். அங்கே வைத்தியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வலிப்பு வந்தால் எந்த வைத்தியசாலை, கட்டிப் போடுவார்களா, அடிப்பார்களா, வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். பதிலில் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். பொலிஸில் ஒப்படைப்பதை, உங்களையோ அம்மாவையோ தாக்கும் ஆபத்து வந்தால் தவிர, முதல் வழியாக எடுக்க வேண்டாம். வழக்கு ஒன்று விழுந்தால் அது தம்பியின் சிகிச்சையைவிட நீண்டகாலம் நிற்கும்.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு தாளில்

கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ உள்ள ஆதார வைத்தியசாலைக்கு அழைத்து, மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. இரவில் யோசனை கேட்க 1926, தேசிய மனநல இலக்கம். இருவருக்கும் தனித்தனித் தாள் எழுதுங்கள்:

- எடுக்கும் பொருள் ஒவ்வொன்றும், நாளுக்கு எவ்வளவு, கடைசியாக எடுத்த நேரம்
- முன்பு விடப் பார்த்தபோது என்ன நடந்தது, வலிப்பு வந்ததா
- சீனி, பிரஷர், ஈரல், ஆஸ்துமா, வேறு மருந்துகள்
- தற்கொலைப் பேச்சு, அடிதடி, இல்லாததைக் காண்பது அல்லது கேட்பது

இந்த நோயை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் முந்தைய நோய்ப் பட்டியலில் (ICD-10) ஆறு அடையாளங்கள் உண்டு: அடக்க முடியாத ஆசை, அளவைக் கட்டுப்படுத்த முடியாமை, விட்டால் உடம்பு படும் பாடு, அதே ஏற்றத்துக்கு அளவு கூடிப்போவது, மற்ற எல்லாம் பின்னுக்குப் போவது, கேடு தெரிந்தும் தொடர்வது. ஒரு வருடத்துக்குள் மூன்று ஒன்றாக இருந்தால் அடிமைநிலை என்கிறோம். அப்பாவின் கதையில் ஆறும் தெரிகிறது. தம்பியிடம் எத்தனை என்பதை அவரோடு பேசித்தான் சொல்ல முடியும். எப்போதாவது எடுப்பவருக்கும், விட முடியாமல் எடுப்பவருக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

தம்பி வரமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்றத்தில் இருக்கும்போதும், விழுந்து கிடக்கும்போதும் பேசிப் பயனில்லை. தூங்கி எழும்பி, சாப்பிட்டு முடித்த ஒரு மத்தியானம் பாருங்கள். ஐஸைப் பற்றித் தொடங்காமல் தூக்கத்தைப் பற்றித் தொடங்குங்கள்: "நித்திரை வராததுக்கு ஒருக்கா காட்டுவமா?" என்று கேட்டால் வருகிறவர்கள் நிறைய. அப்படியும் மறுத்தால் நீங்கள் தனியாக வாருங்கள். வீட்டார் மட்டும் வந்தாலும் எங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அவரை எதிர்பார்த்து அப்பாவைப் பிந்த விடாதீர்கள். அப்பாவின் அனுமதியை இந்தக் கிழமையே ஒழுங்கு செய்யுங்கள். முதல் நான்கு இரவும் வார்ட்டில் ஒருவர் கூட இருக்கும்படி முறை போடுங்கள். கட்டிலில் சேர்க்கும்போதே, முன்பு வலிப்பு வந்ததையும் மூன்றாம் நாள் இரவு நடந்ததையும் தாதியிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதிவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.